ராபர்ட்டோ கிளமென்ட்டே நினைவுப்பொருட்கள்: புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பேஸ்பால் நினைவுப்பொருள் சேர்க்க ஆசை வந்தால் உடனே கடைப்பக்கம் போகாதீர்கள். மனசுக்குப் பிடித்த ஒரு வீரரைத் தேர்ந்தெடுங்கள். அவர் வாழ்க்கையின் முக்கியமான தேதிகளை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள். பணத்தைக் கையில் எடுப்பது அப்புறம்தான். எது அசல், எது பின்னால் அச்சடித்தது, எது சுத்தப் பொய் என்பதைப் பாதிக்கு மேல் அந்தத் தேதிகளே சொல்லிவிடும். இதை ஓர் ஆளை வைத்து விளக்குவதுதான் எளிது. நான் எடுத்துக்கொள்வது பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ராபர்ட்டோ கிளமென்ட்டே. இறந்து அரை நூற்றாண்டு ஆனபிறகும் இத்தனை அன்போடு நினைக்கப்படும் ஆட்டக்காரர்கள் மிகக் குறைவு.

முதலில் தேதிகள்

கிளமென்ட்டே 1934 ஆகஸ்ட் 18 அன்று புவேர்ட்டோ ரிக்கோவில் கரோலினா என்ற ஊரில் பிறந்தார். 1954-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸின் கிளை அணியான மான்ட்ரியல் ராயல்ஸுக்கு ஆடினார். அந்த ஆண்டு நவம்பரில் பைரேட்ஸ் அவரைத் தட்டிக்கொண்டு போனது. 1955 முதல் 1972 வரை பதினெட்டு சீசனும் அதே அணியில்தான், அதே ரைட் ஃபீல்டு (வலதுபுற வெளிக்களம்) மூலையில்தான். முதல் சில வாரங்கள் 13-ஆம் எண் ஜெர்சி போட்டார். அதன்பின் கடைசிவரை 21.

அணி 1960-இலும் 1971-இலும் உலகத் தொடரை, அதாவது ஆண்டின் இறுதிச் சாம்பியன் தொடரை, வென்றது. இரண்டு தொடரிலும் தலா ஏழு ஆட்டங்கள். பதினான்கு ஆட்டங்களிலும் கிளமென்ட்டே குறைந்தது ஒரு ஹிட்டாவது (அடித்துவிட்டு ஆட்டமிழக்காமல் தளத்தை எட்டும் அடி) அடித்திருக்கிறார். 1971 தொடரில் அவருடைய பேட்டிங் சராசரி .414 (பத்து வாய்ப்பில் நான்குக்கு மேல் ஹிட்), தொடரின் சிறந்த வீரரும் அவரே. பைரேட்ஸ் ஆடும் நேஷனல் லீகில் மிக உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் நான்கு முறை, 1966-இல் லீகின் மிகமதிப்புமிக்க வீரர் விருது, 1961-இலிருந்து 1972 வரை இடைவெளியில்லாமல், பந்தைத் தடுத்துப் பிடிக்கும் திறமைக்கான தங்கக் கையுறை விருதுகள் பன்னிரண்டு.

1972 செப்டம்பர் 30 அன்று பைரேட்ஸின் சொந்த மைதானமான த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தில், நியூயார்க் மெட்ஸின் ஜான் மேட்லாக் வீசிய பந்தை இரண்டாம் தளம்வரை ஓடும் அடியாக அடித்தார். அது அவருடைய 3,000-ஆவது ஹிட். வழக்கமான சீசனில் அதற்குப்பின் அவருக்கு இன்னொரு ஹிட் கிடைக்கவில்லை. அந்த டிசம்பர் 23-ஆம் தேதி நிக்கராகுவாவின் மனாகுவா நகரம் நிலநடுக்கத்தில் சிதைந்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் புவேர்ட்டோ ரிக்கோ அமெச்சூர் அணியின் பயிற்சியாளராக அங்கே போய்வந்திருந்தார். அனுப்பிய நிவாரணப் பொருட்கள் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்று கேள்விப்பட்டு, தானே கூடப் போவதாகச் சொல்லி, டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். புறப்பட்ட சற்றுநேரத்திலேயே சான் ஹுவான் கரைக்கு அப்பால் விமானம் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 38.

ஓய்வுபெற்று ஐந்து ஆண்டு ஆனபிறகே பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு வாக்களிப்பார்கள் என்ற விதியைத் தளர்த்தி, 1973-இலேயே அவரைச் சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்காவில் பிறந்தவர்களில் அங்கே இடம்பெற்ற முதல் ஆட்டக்காரர் அவர்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்டால், கீழே வரும் ஒவ்வொரு சோதனையும் இந்தத் தேதிகளில்தான் போய் நிற்கிறது.

எதைச் சேர்ப்பது என்று ஒரு கோடு போடுங்கள்

கிளமென்ட்டே பெயரில் கிடைப்பதையெல்லாம் வாங்க ஆரம்பித்தால் அலமாரியும் நிறையும், பணப்பையும் காலியாகும், ஆனால் அந்தத் தொகுப்புக்கு ஒரு முகம் இருக்காது. 1971 உலகத் தொடர் மட்டும், 3,000-ஆவது ஹிட் மட்டும், மறைவுக்குப்பின் கிடைத்த மரியாதைகள் மட்டும் என்று ஏதாவது ஓர் இழையைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் புதிதாகத் தொடங்குபவருக்கு மூன்றாவதுதான் நல்லது. விலை குறைவு, போலி குறைவு, அவரை மக்கள் எப்படி நேசித்தார்கள் என்பதும் அதில்தான் தெளிவாகத் தெரியும்.

அந்த வகையில் முதல் பொருளாக 1984 தபால்தலையை வாங்குங்கள். அமெரிக்கத் தபால்துறை 20 சென்ட் விலையில் வெளியிட்டது. பைரேட்ஸ் தொப்பியோடு அவர் முகம், பின்னால் புவேர்ட்டோ ரிக்கோ கொடி. ஆகஸ்ட் 17 அன்று, அவர் பிறந்த கரோலினாவிலேயே வெளியிட்டார்கள். முதல்நாள் உறை (வெளியீட்டு நாளன்றே தபால்தலை ஒட்டி முத்திரையிட்ட உறை) வாங்கினால் அந்த ஊர்ப் பெயரும் தேதியும் முத்திரையில் இருக்கும். சில டாலருக்குள் முடிந்துவிடுகிற வேலை. 2000-இல் வந்த பேஸ்பால் மேதைகள் தபால்தலைத் தாளிலும், இருபது பேரில் ஒருவராக அவர் இருக்கிறார்.

அடுத்து, ஹால் ஆஃப் ஃபேம் வெண்கலப் பலகையின் படம் அச்சிட்ட தபால் அட்டை. இதில் ஒரு விஷயம் உண்டு. ஸ்பானிய வழக்கப்படி அப்பாவின் குடும்பப்பெயர் முன்னால், அம்மாவின் குடும்பப்பெயர் கடைசியில் வரவேண்டும். அதாவது ராபர்ட்டோ கிளமென்ட்டே வாக்கர். 1973-இல் வைத்த பலகையில் அதை ராபர்ட்டோ வாக்கர் கிளமென்ட்டே என்று மாற்றி வார்த்துவிட்டார்கள். 2000-இல்தான் சரியான பெயரோடு புதுப் பலகை வைத்தார்கள். ஆகவே பழைய பலகையின் அட்டை ஒன்று, புதியதன் அட்டை ஒன்று என இரண்டையும் தேடிப்பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இதைவிடக் குறைந்த செலவில் இவ்வளவு வரலாறு சொல்லும் ஜோடி வேறு கிடைக்காது.

கார்டுகளுக்கு வருவோம்

பெரும்பாலானோர் தேடுவது வீரர் படம் அச்சிட்ட இந்த அட்டைகளைத்தான். கிளமென்ட்டேயின் ரூக்கி கார்டு, அதாவது முதல் கார்டு, டாப்ஸ் நிறுவனத்தின் 1955 வரிசையில் எண் 164. அகலவாக்கில் படுத்த அமைப்பு, பச்சைப் பின்னணி. இதுதான் அவர் கார்டுகளிலேயே விலை உச்சம். குறையே இல்லாத ஒரு பிரதி 2012 ஏலத்தில் நான்கு லட்சம் டாலருக்கு மேல் போனது. மூலை மடங்கி நைந்துபோனதுகூடப் பெரிய தொகைதான். முதல் கார்டாக இதை வாங்க ஓடாதீர்கள்.

அவருடைய பெயரையே ஒரு தடமாகப் பிடித்துக்கொண்டு போகலாம். 1955, 1956 கார்டுகளில் ராபர்ட்டோ என்று சரியாக இருக்கும். 1957-இலிருந்து 1969 வரை டாப்ஸ் அவரை பாப் கிளமென்ட்டே என்றே அச்சிட்டது. அமெரிக்கர் வாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்று வைத்த பெயர். அவருக்கு அது பிடிக்கவில்லை, என் பெயர் ராபர்ட்டோ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். 1970 கார்டில் சொந்தப் பெயர் திரும்பி வந்தது. ஒரு பாப் கார்டும் 1970-க்குப் பிந்தைய ஒரு ராபர்ட்டோ கார்டும் உங்கள் தொகுப்பில் கட்டாயம் இருக்கட்டும். அவர் ஆடிய காலத்தில் எதையெல்லாம் தாங்கிக்கொண்டு ஆடினார் என்பதற்கு அவை சாட்சி.

எளிதாகத் தொடங்க 1973 டாப்ஸ், எண் 50 நல்லது. வழக்கமான வரிசையில் அவருடைய கடைசி கார்டு, அவர் மறைந்தபின் கடைக்கு வந்தது. கொஞ்சம் தேய்ந்த பிரதி என்றால் சாதாரண ஆளுக்குக் கட்டுப்படியாகும். 1972-இல் 309, 310 என இரண்டு கார்டுகள் உண்டு. இரண்டாவது, ஆட்டத்தின் நடுவே எடுத்த படம்.

1971 கார்டு, எண் 630, கொஞ்சம் கவனம் கேட்கும். அந்த ஆண்டு டாப்ஸ் கறுப்பு ஓரம் வைத்தது. கை பட்டாலே ஓரம் உரிந்து உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும். அதை மறைக்கச் சிலர் கறுப்பு மார்க்கரால் தீட்டிவிடுவார்கள். கண்டுபிடிப்பது சிரமமில்லை. கார்டைச் செங்குத்தாக நிறுத்தி, விளக்குக்கு அடியில் அதன் பக்கவாட்டைப் பாருங்கள். அச்சு மேலே மட்டும்தான் இருக்கவேண்டும். அட்டையின் தடிமனுக்குள் கறுப்பு இறங்கியிருந்தால் அது மார்க்கர். கார்டைச் சாய்க்கும்போது ஓரத்தில் மட்டும் வேறு விதமான ஊதாப் பளபளப்பு தெரிந்தாலும் அதே கதைதான். ஓரமெல்லாம் அங்கங்கே வெளுத்துப்போன நேர்மையான 1971 கார்டு, மை தீட்டிய அழகான கார்டைவிட எவ்வளவோ மேல்.

இன்னொரு தில்லுமுல்லு, வெட்டுவது. மழுங்கிய மூலையைக் கூராக்க ஓரத்தை மெல்லிசாகச் சீவிவிடுவார்கள். 1957-இலிருந்து டாப்ஸ் கார்டின் அளவு இரண்டரைக்கு மூன்றரை அங்குலம். 1955, 1956 கார்டுகள் அதைவிடச் சற்றுப் பெரியவை. அதே ஆண்டின் மலிவான கார்டு ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள். சந்தேகப்படும் கார்டின்மேல் வைத்துப் பார்த்தாலே குறைந்திருப்பது தெரிந்துவிடும்.

அப்புறம் மறுபதிப்புகள். 1998-இல் டாப்ஸ் நிறுவனமே கிளமென்ட்டேயின் பழைய கார்டுகளை அவர் நினைவாக மறுபடி அச்சிட்டுப் பாக்கெட்டுகளில் வைத்தது. அவை அழகானவை, அஞ்சலி என்ற அளவில் வாங்கத் தக்கவை. சிக்கல், அனுமதியில்லாமல் யார்யாரோ அச்சடித்து 'வீட்டுப் பரணில் கிடைத்தது' என்று விற்பவைதான். பத்து மடங்கு பெருக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்குங்கள். அசல் கார்டில் பெயர் எழுத்தின் கறுப்பு ஒரே பரப்பாகக் கெட்டியாக இருக்கும். பழைய கார்டைப் படமெடுத்து அச்சடித்ததில் எழுத்தும் புள்ளிப் புள்ளியாகச் சிதறித் தெரியும்.

தரம் பார்த்து, 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் மூடித்தரும் நிறுவனங்கள் உண்டு. பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி., பெக்கெட் ஆகிய மூன்றும் அதில் பெயர்பெற்றவை. விலையுயர்ந்த கார்டை இவற்றின் பெட்டியோடு வாங்குவதே பாதுகாப்பு. பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்து, படமும் விவரமும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

கையெழுத்து: இங்கேதான் அதிகம் ஏமாறுகிறார்கள்

38 வயதில் போய்விட்டவர். ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்கள் வரிசையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போடும் நிகழ்ச்சிகள் எதிலும் அவர் இல்லை. எனவே அசல் குறைவு, விலை அதிகம், போலி ஏராளம்.

முதல் சோதனை, அது உண்மையிலேயே பேனாவால் போட்டதா என்பது. 1955, 1956, 1971 கார்டுகளில் கையெழுத்து படத்தோடு சேர்த்தே அச்சாகியிருக்கும். அதைப் பார்த்து 'கையெழுத்திட்ட கார்டு' என்று துள்ளக்கூடாது. மைதானக் கடைகளில் விற்ற அணிப் பந்துகளிலும் எல்லோருடைய கையெழுத்தும் முத்திரையாகக் குத்தியிருக்கும். லென்ஸில் பார்த்தால் பேனாக்கோட்டில் அழுத்தம் கூடிக்குறைவதும், ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டும் இடமும் தெரியும். முத்திரையில் அது இருக்காது.

இரண்டாவது சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இதற்குக் கையெழுத்து நிபுணரே வேண்டாம். பந்தைப் பாருங்கள். நேஷனல் லீகின் அதிகாரபூர்வப் பந்தில் லீக் தலைவர் பெயர் அச்சாகியிருக்கும். 1951-இலிருந்து 1969 வரை வாரன் கைல்ஸ், 1970-இலிருந்து 1986 வரை சார்ல்ஸ் ஃபீனி. ஆக, கைல்ஸ் பந்தில் கிளமென்ட்டே கையெழுத்து இருக்கலாம். ஃபீனி பந்து என்றால் 1970 முதல் 1972 வரையான காலத்தைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். ஃபீனிக்குப் பின் வந்தவர் பெயர் இருந்தால் அங்கேயே கதை முடிந்தது. அதோடு தயாரித்த நிறுவனத்தையும் பாருங்கள். 1976 வரை அந்த லீகுக்குப் பந்து செய்தது ஸ்பால்டிங், 1977-இலிருந்து ராலிங்ஸ். ராலிங்ஸ் செய்த நேஷனல் லீக் பந்தில் கிளமென்ட்டே கையெழுத்து என்று யாராவது நீட்டினால், அந்தப் பந்து பிறக்கும்போது அவர் இறந்து நாலு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஃபீனி பெயரைப் பார்த்ததும் திருப்திப்பட்டுவிடாமல் இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, பந்தின் காலம் சரியாக இருந்தும் கையெழுத்து அவருடையதாக இல்லாமல் போகலாம். அந்தக் காலத்தில் நட்சத்திர வீரர்களுக்குக் குவியும் பந்துகளில் உடைமாற்றும் அறை ஊழியர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது சகஜம். இதைக் கண்டுபிடிக்க நிபுணர் கண் வேண்டும். பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் ஆகியவை கையெழுத்தையும் ஆராய்ந்து கருத்துச் சொல்கின்றன. விற்பவர் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வெறும் காகிதம்.

சான்றிதழைக் கண்டு மயங்கவேண்டாம் என்று இவ்வளவு அழுத்தமாகச் சொல்லக் காரணம் உண்டு. 1990-களின் கடைசியில் எஃப்.பி.ஐ. நடத்திய ஆபரேஷன் புல்பென் விசாரணையில் சிக்கிய போலிகள் பலவும் சான்றிதழோடுதான் விற்பனைக்கு வந்திருந்தன. சான் டியேகோ பாட்ரெஸின் டோனி குவின், தன் கையெழுத்து என்று விற்கப்பட்ட போலிகளைத் தானே அடையாளம் காட்டினார். இதன் பிறகுதான் மேஜர் லீக் பேஸ்பால் 2001-இல் ஹோலோகிராம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. அதிகாரபூர்வ சாட்சி ஒருவர் நேரில் பார்த்த பொருளுக்குத்தான் அந்த ஒட்டு கிடைக்கும். 1972-இல் போட்ட கையெழுத்தை 2001-இல் தொடங்கிய திட்டத்தின் சாட்சி எப்படிப் பார்த்திருப்பார்? இங்கேயும் தேதிதான் கைகொடுக்கிறது.

மட்டையும் ஜெர்சியும்

அவர் பெயர் பொறித்த லூயிவில் ஸ்லக்கர் பிராண்டு மட்டைகள் நிறையக் கண்ணில் படும். அவற்றில் பெரும்பாலானவை சிறுவர்கள் விளையாடக் கடைகளில் விற்றவை. நினைவுப்பொருளாக அவை நல்லவைதான், அவர் கைப்பட்டவை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அவர் விரும்பிப் பிடித்தது யு1 என்ற வகை. பிடியின் அடியில் வழக்கமான குமிழ் இருக்காது, கைப்பிடி மெதுவாக விரிந்து முடியும்.

ஜெர்சியில் நீங்கள் வாங்கப்போவது நகல்தான், அதில் குறையொன்றுமில்லை. ஆனால் காலம் பொருந்தட்டும். 1957-இலிருந்து 1970 ஜூலை 16-க்கு முன்வரை பைரேட்ஸ் போட்டது கையில்லாத மேற்சட்டை. அன்று த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம் திறந்தபோதுதான் பொத்தான் இல்லாமல் தலைவழியே மாட்டும் சட்டைக்கு மாறினார்கள். 1960 வெற்றியின் நினைவாக என்று சொல்லி, தலைவழி மாட்டும் சட்டையை விற்றால் வாங்காதீர்கள். 1973-இல் அணி முழுவதும் இடது கையில் 21 என்று எழுதிய கறுப்பு வட்டத்தைத் தைத்துக்கொண்டு ஆடியது. அந்த வட்டம் உள்ள நகல், அவர் ஒருநாளும் போடாத சட்டை. ஆனாலும் நினைவுச் சட்டை என்றால் எனக்கு முதலில் தோன்றுவது அதுதான்.

மட்டைத்துண்டோ துணித்துண்டோ பதித்த கார்டுகளும் உண்டு. பின்பக்கம் எழுதியிருப்பதை முழுக்கப் படியுங்கள். எந்த ஆட்டத்தில் பயன்பட்டது என்று பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்றும் புதிதாக வருபவை

ஆண்டுதோறும் செப்டம்பர் 15 அன்று பேஸ்பால் உலகம் கிளமென்ட்டே தினம் கொண்டாடுகிறது. 2020-இல் பைரேட்ஸ் ஆட்டக்காரர்கள் எல்லோரும் 21 எண்ணோடு களமிறங்கினார்கள். பிற அணிகளிலும் பலர் அன்று அந்த எண்ணை அணிகிறார்கள். அப்படி ஆட்டத்தில் போட்ட சட்டைகள் ஹோலோகிராமோடு ஏலத்துக்கு வருகின்றன. பெரிய நட்சத்திரத்தின் சட்டை இல்லையென்றால் விலை எட்டும் தூரத்தில்தான் இருக்கும். உண்மைத்தன்மைக்குக் கவலையே வேண்டாம்.

தலையாட்டி பொம்மைகளும் தனி உலகம். 1960-களின் தொடக்கத்தில் காகிதக்கூழில் செய்த பொம்மைகளில், தனி வீரர்களின் பெயரில் வந்தவை மேன்ட்டில், மேரிஸ், மேஸ், கிளமென்ட்டே ஆகிய நான்கு பேருக்குத்தான். அவற்றில் கிளமென்ட்டே பொம்மை கிடைப்பது அரிது. மைதானத்தில் ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் இப்போதைய பொம்மைகள் மலிவு. பெட்டியோடு வாங்குங்கள்.

பிட்ஸ்பர்க் போக வாய்த்தால், லாரன்ஸ்வில் பகுதியில் பழைய தீயணைப்பு நிலையக் கட்டடத்தில் இருக்கும் கிளமென்ட்டே அருங்காட்சியகத்தைப் பாருங்கள். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. அசல் மட்டையையும் சட்டையையும் ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்குப் போலியை அடையாளம் காண்பது சுலபமாகும். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு வரும் நம் மக்கள் அதே பயணத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பைரேட்ஸின் இப்போதைய பி.என்.சி. பார்க் மைதானத்தின் ரைட் ஃபீல்டு சுவர், அவர் எண்ணை நினைத்து 21 அடி உயரத்துக்குக் கட்டியது. வாசலில் அவர் சிலை இருக்கிறது, பக்கத்துப் பாலத்துக்கும் அவர் பெயர்தான்.

விலையும் பாதுகாப்பும்

இணையச் சந்தையில் விற்பவர் கேட்கும் விலை விலையே அல்ல. விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதியைத் தட்டி, கடைசி சில விற்பனைகளைப் பாருங்கள். 'குறைந்த எண்ணிக்கை' என்ற சொல்லுக்காகக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். 1980-களிலும் 1990-களிலும் வந்த அலங்காரத் தட்டுகள் பலவும் எண் போட்டு, சான்றிதழோடு வந்தவை. இன்று வாங்கிய விலைக்குக்கூட அவற்றை விற்க முடிவதில்லை. சுவரில் மாட்டப் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், முதலீடு என்று மட்டும் நினைக்காதீர்கள்.

கார்டை முதலில் மெல்லிய உறையில் போட்டு, பிறகு கெட்டி உறையில் நுழையுங்கள். பி.வி.சி. கலந்த மலிவான ஆல்பம் தாள் வேண்டாம், நாளடைவில் பிசுபிசுத்துக் கார்டில் ஒட்டிக்கொள்ளும். கையெழுத்துள்ள பந்தை வெயில் படாத இடத்தில், மூடிய கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள். பேனா மை வெளிச்சத்தில்தான் வேகமாக மங்கும். மறைவுச் செய்தி வந்த 1973 ஜனவரி நாளிதழ்கள் கிடைத்தால் மடித்து வைக்காதீர்கள், மடிப்பில்தான் முதலில் கிழியும். அமிலம் இல்லாத அட்டையின்மேல் விரித்து வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி ஊர்களில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருக்கும்.

வாங்கிய ஒவ்வொன்றுக்கும் தேதி, விலை, யாரிடமிருந்து வந்தது, முன்பு யாரிடம் இருந்தது என்று விற்பவர் சொன்ன விவரம் ஆகியவற்றை எழுதிவையுங்கள். பில்லையும் நிபுணர் கடிதத்தையும் நகலெடுத்து, அசலைத் தனியாக வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்காவது அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று சொல்லிவைப்பது நல்லது.